அப்பாவின் தொழில்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் மடிக்கணினியோடு இரண்டு பெண்கள்.

“செத்தவரு தறியில உக்காந்துகினு இருக்காருன்னு போடச் சொல்றியாக்கா?” என்றாள் இளையவள்.

கல்லூரி விடுதியில் இடம் ஒதுக்க அவர்கள் எழுதிய மென்பொருள், அப்பாவை இழந்த ஒரு மாணவியின் விண்ணப்பத்தை நிறுத்திவிட்டதாம். அப்பாவின் தொழில் என்ற கட்டம் காலி.

“நெசவுன்னு போட்டா ஜல்தியா முடிஞ்சிடும். இன்னைக்கு கடைசி நாள்டி. விட்டா அந்தப் பொண்ணுக்கு இடம் போயிடும்.”

“நெய்யறது அவங்க அம்மாக்கா. ரூல் அவங்கள கேக்கவே இல்ல.”

மூத்தவள் மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினாள்.

“அப்பா காலியா இருந்தா அம்மாவைப் பாருன்னு ரூலை மாத்து.”

இளையவள் தட்டிவிட்டுத் திரையையே பார்த்தாள்.

“அந்தப் பொண்ணு உள்ள போச்சாடி?”

“அது மட்டும் இல்லக்கா. எரர்ல நின்னுகினு இருந்த பொண்ணுங்க எல்லாம் வரிசையா உள்ள போய்கினு இருக்காங்க.”