டேங்கில் நின்ற யானை

— பைய, ரசலையா! பெயிண்டு பேந்துராம.

— அண்ணாச்சி, நீங்க ஒரு அடி தள்ளி நில்லுங்க, நெழலு விழுது. இந்தப் பித்தளை ஆனை முப்பத்தொம்பது வருசமா புல்லட்டு டேங்கில ஒட்டிக்கிட்டு நிக்கி. கொஞ்சம் சூடு காட்டினாத்தான் பசை எளகும். பொறவு தூண்டில் நரம்ப அடியில விட்டு அறுத்தா தன்னால வந்துரும்.

— இஞ்ச பாருங்க, எடுக்காண்டாம்னு நான் நேத்தே சொன்னேன். எங்கப்பா ஆசையா ஒட்டித் தந்தது.

— ஆசையாம்லா ஆசை! ஏட்டி முத்துக்கனி, ஒனக்கப்பாக்க ரப்பர் ஷீட்டு கடைக்கு ஆனை மார்க்கு. கல்யாணத்துக்கு வண்டி தாறேன்னு சொல்லி, கடைக்க போர்ட எனக்க முட்டுக்குப் பக்கத்துல மாட்டிவுட்டுட்டாரு. சுயம்புராஜுன்னு எனக்கு ஒரு பேரு உண்டுன்னு அருமனை ஊருல ஒருத்தனுக்காவது தெரியுமா? ஆனை மருமவன், ஆனை மருமவன்!

— கோவப்படாதீங்க அண்ணாச்சி. இந்த வடசேரியில எனக்க கடைக்கு வாறவன் எல்லாம் புலி ஒட்டு, கழுகு ஒட்டுன்னுதான் வாறான். ஆனைய எறக்கத் துடிக்கது நீங்க ஒருத்தர்தான்.

— நாளைக்குப் பழைய வண்டி கண்காட்சி மக்கா. கம்பெனி எப்பிடி விட்டுதோ அப்பிடியே இருக்கணும். கூடுதலா ஒரு ஒட்டு இருந்தா மார்க்கு போச்சு. போன வருசம் இந்த ஆனையாலதான் கப்பு கைவிட்டுப் போச்சு.

— கப்பு கெடச்சா அதுல கஞ்சி குடிக்கப் போறியளா? வாங்க, வீட்டுக்குப் போவோம்.

— நீ எதுக்குட்டி இப்பிடி வேர்த்து ஒழுகுத? ஒனக்கப்பனையா அறுக்கான் அவன்?

— வந்துட்டு அண்ணாச்சி! தும்பிக்கை கழண்டாச்சு... வாலும் வந்தாச்சு. இன்னா பிடிங்க ஆனைய. அய்யோ!

— என்ன அய்யோ?

— ஆனைக்கு அடியில ஒரு குழி கெடக்கு. செரட்டை அளவு இருக்கும். குழிய நெரப்ப உள்ள பூசியிருந்த பட்டி ஆனையோட சேந்து வந்துட்டு.

— குழியா? நான் ஒரு நாளு கூட வண்டியக் கீழ போட்டதில்லியே!

— இது ஒங்க கைக்கு வாறதுக்கு முன்ன பட்ட அடி. எங்கயோ நல்லா போய் மோதியிருக்கு. குழிய மறைக்கதுக்குத்தான் ஆனைய நிறுத்தியிருக்காவ.

— கேட்டியாட்டி? விழுந்து எந்திச்ச வண்டிய புதுசுன்னு சொல்லி எனக்க தலையில கெட்டியிருக்காரு ஒனக்கப்பா பொன்னுலிங்கம்! நாளைக்கு அவரும் கண்காட்சிக்கு வாறாருல்லா? வரட்டு. அத்தன பேருக்க முன்னால வச்சு கேக்கேன்.

— எங்கப்பாவ ஒண்ணும் கேக்காண்டாம்.

— கேப்பேன். எம்பத்தெட்டு வயசுன்னா விட்டுருவேனா?

— கேக்காதீங்கன்னு சொல்லுதேம்லா! வண்டியக் கீழ போட்டது அவரில்ல. நான்.

— நீயா? ஸ்டாண்டுல நின்னதத் தட்டி விட்டியா?

— ஓட்டிட்டுப் போனேன்.

— ஓட்டி... புல்லட்டையா? நீயா?

— கடையில நின்ன பழைய வண்டியில அண்ணன் ஓட்டிப் படிக்கும்போ நானும் படிச்சேன். கல்யாணத்துக்கு மூணு நாளு முன்ன அண்ணனுக்க பேண்டையும் சட்டையையும் போட்டு, தலையில ஒரு துவர்த்துத் துண்டக் கெட்டிட்டு இந்தப் புது வண்டிய எடுத்துட்டு எறங்கிட்டேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்க என்னயப் பாத்திய. நான் தரையத்தானே பாத்தேன்? ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டு வந்துரலாம்னு ஒங்க வீட்டு வழியா போனேன்.

— அக்கா, ஆளு எப்பிடி நின்னாரு?

— கிணத்தடியில நின்னு பல்லு தேச்சிட்டு இருந்தாரு தம்பி. வாயெல்லாம் உமிக்கரி.

— அதப் பாத்த பொறவுமா சம்மதிச்சிய?

— பிடிச்சுப் போச்சே! அந்த சந்தோசத்துல திரும்பி வரும்போ முன்னால நின்ன தென்னையப் பாக்கல்ல. அப்பா ஒரு வார்த்த ஏசல்ல தம்பி. மாப்பிள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னு போவும்னு பயந்து, கடை வாசல்ல இருந்த ஆனையக் கழத்திக் கொண்டாந்து ஒட்டினாரு. அவரு ஒங்களக் கேலி செய்யதுக்கு ஒட்டல்ல. என்னயக் காப்பாத்தத்தான் ஒட்டினாரு.

— அண்ணாச்சி, பட்டி பாத்து பெயிண்டு அடிக்கட்டா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம். குழி கெடந்த எடமே தெரியாது.

— ஒண்ணும் அடிக்காண்டாம். ஆனையத் திரும்ப ஒட்டு.

— அப்ப கப்பு?

— போனாப் போட்டு மக்கா. எனக்க மூஞ்சியப் பாக்க ஒருத்தி புல்லட்டுல வந்திருக்கா. எவனுக்குக் கெடைக்கும் இந்த யோகம்? ஏட்டி முத்துக்கனி, அந்த ஒரு தடவதானே? பொறவு தொடல்லதானே?

— அந்தக் காலத்துல நீங்க மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனா ரெண்டு வருசம் கழிச்சுல்லா லீவுக்கு வருவிய? வந்த ஒடனே ஒத்தச் சவுட்டு சவுட்டுவிய, வண்டி படபடன்னு கெளம்பும். எனக்க வண்டி மாதிரி வருமான்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடப்பிய. ரெண்டு வருசம் சும்ம நின்ன புல்லட்டு, எந்த ஊருலங்க ஒத்தச் சவுட்டுல கெளம்பும்?