பதினாலாம் பக்கம்

படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டியேக்கா, படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டியேக்கா. மூணு வருஷமா இதே பாட்டு. அம்மாகிட்ட சொன்ன, ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொன்ன, இப்ப நான் வாசப்படி தாண்டினதும் என்கிட்டயே சொல்ற. அக்கான்னாவது கூப்பிட்டியே. நாற்காலி எல்லாம் வேணாம், இந்தக் கட்டில்லயே உக்காந்துக்கறேன்.

சண்டைக்கு வரலடா. உங்க அத்தான் தூது அனுப்பியும் வரல. நான் வீட்ல இல்லைங்கறதே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. ஷேர் மார்க்கெட் தொறந்ததும் செல்லுக்குள்ள தலைய விட்டா சாயங்காலம்தான் வெளிய எடுக்கறார். நம்ம பம்பு கம்பெனி ஷேர் முதல்ல வித்த விலைல கால்வாசிக்கு வந்துடுச்சாம்.

ஷேரை வெளிய விடறதுக்கு முன்னால அந்தக் கோட்டுக்காரர் வந்தாரே, ஆலோசனை சொல்ல? உன் லேப் செலவைப் பாதியா வெட்டினா லாபம் கொழுகொழுன்னு தெரியும், கூட விலைக்கு விக்கலாம்னார். ரெண்டு வருஷம் ஆராய்ச்சியைத் தள்ளிப்போட்டா பம்பு என்ன ஓடியா போயிடும்னு சிரிச்சார். போச்சே. பாதி கரண்ட்ல ஓடற பம்பை நீ எட்டு வருஷமா இழைச்சு இழைச்சு வெச்சிருந்த. உன் லேப் ஆளுங்க ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க, நீயும் கோவிச்சுக்கிட்டு வேலையை விட்ட. அடுத்த வருஷமே வேற கம்பெனிக்காரன் அதே மாதிரி பம்பைக் கடையில கொண்டாந்து வெச்சுட்டான். சரி சரி, மூஞ்சியத் திருப்பாத. நான் குத்திக்காட்டல.

போர்டுல அஞ்சு பேர். செலவை வெட்டணும்னு அத்தானும் அவர் அண்ணனும். கூடாதுன்னு நீயும் கணக்கு பாக்கறவரும். ரெண்டுக்கு ரெண்டு. அஞ்சாவது நான், பேருக்கு ஒரு டைரக்டர். சாப்பாட்டு மேஜையில பேப்பரை வெப்பாங்க. பென்சில்ல பெருக்கல் குறி போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்தக் கிறுக்கிட்டு அடுப்பப் பாக்கப் போயிடுவேன். அதனாலதான் நீயும் அப்படி நெனச்சுட்ட.

படிச்சேன்டா. அன்னிக்கு மட்டும் படிச்சேன். கான்வென்ட்ல பதினோரு வருஷம் ஸ்கேலால தட்டித் தட்டிச் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ், வேற எதுக்கு இருக்கு? லேப் செலவை வெட்டறது இருந்த பதினாலாம் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன். எந்த ஆறு பேருன்னுகூடத் தெரிஞ்சுதான் போட்டேன்.

ஏனா?

இருவது வருஷம் நீயும் அத்தானும் என் கையால சாப்பிட்டீங்க. மோட்டார், வால்வு, மறுபடி மோட்டார். உப்பு பத்துதான்னு கேட்டா, எங்கயோ கதவு சாத்தின சத்தம் கேட்ட மாதிரி நிமிந்து பாப்பீங்க. லேப் சுருங்கினா அந்தப் பேச்சும் சுருங்கும், ஒருநாளாவது என்கிட்ட ஏதாவது கேப்பீங்கன்னு நெனச்சேன். அவ்வளவுதான். இப்ப அந்த மேஜைல நான் ஒருத்தி சாப்பிடறேன்.

இந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்தேன்டா. நீ ஏதோ சொன்ன மாதிரி இருந்துது.