கத்தாத பெட்டி

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பிரிட் பாட்டில் இருக்கும், ஐயா. பஸ் கம்பியைத் தொட்டால் ஒரு முறை கை துடைப்பேன், கோயில் மணியைத் தொட்டால் இரண்டு முறை. இந்த போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் போட்ட நாற்காலியையும் துடைத்தாயிற்று.

ஆரணியில் முப்பத்தொரு வருஷம் பாலிடெக்னிக் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றேன். முள்ளிப்பட்டு நெசவாளி பச்சையப்பன் வீட்டில், சோலார் கரண்டைத் தறி மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பழைய பெட்டி ஒன்று இருந்தது. அது கத்தினால் பெரணமல்லூர் எருமையெல்லாம் எழுந்து நிற்கும். அதன் முதுகில் ஆறு தோசை வார்த்திருக்கிறேன், ஏழாவது கருகிவிட்டது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, பட்டுத் தூசி, வெந்துபோன பல்லி. மூடியைப் போட்டுவிட்டு ஐந்து முறை கை துடைத்தேன். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போதே சுவிட்சைத் தட்டுகிற பெட்டி அது. டிரான்சிஸ்டருக்கு நொடிக்குப் பல்லாயிரம் அடி. அதற்காக யாராவது வருத்தப்பட்டார்களா?

நான் பட்டேன். எட்டு மாதம் உட்கார்ந்து புதுப்பெட்டி செய்து, பச்சையப்பன் தறியில் மாட்டினேன். அழுத்தம் அலைபோல இறங்கிப் பூஜ்யத்தைத் தொடுகிற கணம் பார்த்துத்தான் என் சுவிட்ச் அசையும். சூடில்லை, சத்தமில்லை. போட்ட கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வெளியே வந்தது. மிச்சத்தில் கொஞ்சத்தை ஒரு ரெசிஸ்டர் தின்றுகொண்டிருந்தது. நிறுத்தியபின், கரண்டைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டரில் தங்கும் நானூறு வோல்ட்டை வடிப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. தண்டத் தீனி. பிடுங்கி எறிந்தேன்.

இங்கே தறிக்காரர்களுக்கு ஒரு வழக்கம். பழைய பெட்டியை நிறுத்தினாலும் உள்ளே கரண்ட் வடிகிறவரை ஙொய்யென்று முனகும். முனகல் அடங்கியதும் கை வைப்பார்கள். அதுதான் இவர்களுக்கு மீட்டர்.

"சார், உங்க பெட்டி உயிரோட இருக்குதா, செத்துப்போச்சான்னே தெரியலைங்க. ஒரு லைட்டாவது வையுங்க," என்றாள் பச்சையப்பன் மனைவி ரேணுகாம்பாள்.

"லைட்டும் கரண்ட் தின்னுமேம்மா."

மறுநாள் பச்சையப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேஜாரா கீது சார். ஊமையோட எவன் குடும்பம் நடத்துவான்? வெள்ளிக்கிழமை பழசையே மாட்டிக்கிறேன்." பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அவர் விரலிடுக்கில் நொசநொசவென்று ஒட்டியிருந்தது. அந்த விரலால் என் பெட்டியைத் தட்டினார். அவர் போனதும் மூன்று முறை துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். நிறுத்தியபின் கெப்பாசிட்டர் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க மீட்டரை மாட்டினேன். அவர் சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றினார். கையெல்லாம் கஞ்சி ஈரம். இடது கையைத் தறியின் இரும்புச் சட்டத்தில் ஊன்றியிருந்தார்.

"சத்தமே இல்ல. கை வெக்கலாம் இல்ல சார்?"

மீட்டர் முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. இரண்டு நிமிஷத்தில் எட்டு வோல்ட்தான் குறைந்திருந்தது. அருமையான கெப்பாசிட்டர். அவர் கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது, ஐயா. நான் பதில் சொல்லவில்லை. அவர் கையை வைக்கட்டும் என்றுதான் இருந்தேன். வைத்தார். மீட்டரில் எண் சரசரவென்று இறங்கியது. விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

ரேணுகாம்பாள் ஓடிவந்து அலறினாள். "கொஞ்சம் இரும்மா, ரீடிங் எழுதிகினு இருக்கேன்," என்றேன். ஒரு வார்த்தை அதட்டிப் பேசவில்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.