தங்கைக்குச் சுட்ட பிஸ்கட்

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அடிக்கக் கூடாது. வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துபோகும். நான் எதிலும் அவசரப்படுகிறவள் இல்லை, ஐயா. அதனால் ஆத்திரத்தில் செய்துவிட்டாள் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள்.

வீட்டிலேயே கேக், பிஸ்கட் சுட்டு விற்கிறேன். ஐம்பதை நெருங்கும்போது உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. மாதவிலக்கு வருவதும் வராததுமாக இருந்தது. அடுப்புச் சூடா, உள்ளேயிருந்து கிளம்பும் சூடா என்று தெரியாமல் வியர்த்துக் கொட்டும். இடுப்பு பெருத்தது, முழங்கால் வலித்தது. தங்கை என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். அவளோ ஓட ஆரம்பித்து ஒடிசலாகிக்கொண்டே போனாள். கேக் வாங்க வந்த பல் டாக்டர் அவளைப் பார்த்து, "உங்க பொண்ணா?" என்று கேட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீயும் ஓட வாக்கா, எல்லாம் கரைஞ்சிடும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பூங்காவை ஒரு சுற்று வருவதற்குள் எனக்குச் சிறுநீர் கசிந்துவிட்டது. இந்த வயதில் பலருக்கும் நடப்பதுதான். அவளிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னேன். அவள் தன்னோடு ஓடுகிறவர்கள் நடுவில் நின்று, "எங்க அக்காவுக்கு டேங்க் லீக்காகுது, யாராச்சும் ஒரு துண்டு குடுங்கப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஆர்டர் கேக்குக்கு க்ரீம் தடவினேன். க்ரீம் பூ ஒன்றுகூடக் கோணவில்லை. மனசு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் ஊசி. ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், உடனே இனிப்பு உள்ளே போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இனிப்பு என் தேன் பிஸ்கட்தான். இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவாள். "எங்க அக்கா சுட்டுக் குடுத்திருக்கு, எனக்கென்ன பயம்" என்பாள்.

என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களுக்குப் பாதாம் மாவில், தேனும் சர்க்கரையும் இல்லாமல், வெறும் இனிப்புத் தூள் போட்டுச் சுடுவேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறாது. நாக்குக்கு வித்தியாசம் தெரியாது, அது என் கைப்பக்குவம். அவள் பெயர் கொடுத்திருந்த ஓட்டப்பந்தயத்தன்று காலையில் அதைத்தான் அவள் பையில் போட்டேன். கொல்ல நினைக்கவில்லை. எல்லோர் முன்னாலும் அவள் உடம்பும் ஒரு தடவை அவள் காலை வாரட்டும் என்றுதான் நினைத்தேன்.

பந்தயம் முடியும் இடத்தில் எனக்கு ஒரு கடை போட இடம் கொடுத்திருந்தார்கள். மேசை நிறைய க்ரீம் கேக். எல்லைக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் தள்ளாடுவது தெரிந்தது. பையைத் திறந்து பிஸ்கட்டைத் தின்றாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பிறகு உட்கார்ந்தாள், சரிந்தாள். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் என்னிடம் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, உங்க தங்கச்சிதானே? இனிப்பா ஏதாச்சும் குடுங்க, சீக்கிரம்."

நான் இன்னும் இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அதே பிஸ்கட். அந்தப் பெண் பாவம், அதை நொறுக்கி நொறுக்கி அவள் வாயில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் தங்கை கண் திறக்கவே இல்லை.

மேசையில் அவ்வளவு கேக் இருந்ததே, அதில் ஒன்றைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறீர்கள். அத்தனையும் வெண்ணெய், ஐயா, அத்தனையும் க்ரீம். அவள் பாடுபட்டு இளைத்த உடம்பு. அதை நான் கெடுக்கலாமா?