அக்கரையில் நின்றவள்

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகிற டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், அறுபதைத் தாண்டியவர்கள். கணவர் மடியில் ஊன்றுகோல் கிடந்தது.

"தண்ணியே இல்லாத இடத்துல குனிஞ்சு அள்ளித் தலையில தெளிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றார் அந்த அம்மா.

"ஆத்துல எறங்கும்போது தெளிக்க வேண்டாமா?"

"அது ஆறா? நடக்கப் பழக்குத டாக்டரு ஒங்க கண்ணுல மாட்டிவிட்ட கண்ணாடி. அதுக்குள்ள ஓடுத படம்."

"படம்னு எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலயே. படி ஆழமாத் தெரியுது, காலை வச்சா உடனே தரை முட்டுது. நான் அசையாம நிக்கேன், ஆறு என்னைய இழுத்துட்டுப் போகுது."

"பயந்து கத்துவீங்கன்னு பாத்தேன். கம்பைப் போட்டுட்டு நடந்துட்டீங்க. போன வருசம் கீழ விழுந்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான்..." அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீ 'வாங்க'ன்னு கூப்புட்டது கேட்டுது. ஆளைக் காணோம். நீ அக்கரையில நிக்கன்னுதான் நெனச்சேன்."

"பக்கத்துலதான நின்னேன். கை எட்டுத தூரம்."

"அது தெரிஞ்சிருந்தா ஒன் கையைப் புடிச்சிட்டு நின்னிருப்பேன்."

அவர்கள் நிறுத்தம் வந்தது. அந்த அம்மா முதலில் இறங்கினார். பின்னால் அவர் கம்பியைப் பிடித்துப் பையப் பைய இறங்கினார். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மனைவி கையை நீட்டினார்.

அவர் அதைப் பிடிக்கவில்லை.

"ஏளா, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு கூப்புடு."