தலையில் புள்ளி

மேதைன்னு இன்னொரு தடவ சொல்லாதீங்க சார், குமட்டுது. அவர் போய்ச் சேந்து மூணு மாசம் ஆச்சு. நோட்டு பதினொண்ணும் எடுத்துட்டுப் போங்க, புத்தகமா போடுங்க, நான் குறுக்க நிக்கல. ஆனா பொண்டாட்டி வாயால ரெண்டு நல்ல வார்த்தை வாங்கி முன்னுரையில சேக்கலாம்னு உக்காந்திருந்தீங்கன்னா, டீயக் குடிச்சுட்டுக் கிளம்புங்க.

புதுசா ஒரு மொழிய உருவாக்கறது லேசான காரியமாங்கறீங்க. பேச ஒரு ஆள் கெடையாது, அதுக்கு நாப்பத்தேழு எழுத்து. க சத்தத்துக்கு மட்டும் மூணு. சொல்லோட ஆரம்பத்துல வந்தா ஒண்ணு, கடைசியில வந்தா ஒண்ணு, மூணாவது எதுக்குன்னா, பாக்க அழகா இருக்காம். சில எழுத்த எழுதணும், ஆனா வாய்விட்டுப் படிக்கக் கூடாது. ஏன்னு கேட்டா, பழைய மொழின்னா அப்படித்தான் இருக்கும்னாரு. எது பழசு, முந்தாநாள் இதே மேஜையில காதக் கொடஞ்சுக்கிட்டே எழுதினதா.

சமையல்கட்டு டப்பா மேலெல்லாம் அதுலயே எழுதி ஒட்டினாரு. சர்க்கரைன்னு நெனச்சு டீயில உப்பப் போட்டுட்டேன். வந்தவங்க துப்பினாங்க, இவரு சிரிச்சாரு. வாரத்துக்கு ஒரு தடவ எழுத்த மாத்துவாரு, சீட்டக் கிழிச்சு மறுபடி ஒட்டுவாரு. டப்பா பூரா பசையும் எறும்பும். சொரண்டினது நான்.

எனக்கு அது படிக்க வராதுன்னே நெனச்சுட்டாரு. தபால் ஆபீஸ்ல இருபத்தாறு வருஷம் கடிதாசு பிரிச்சவ சார் நான். கோழி கிளறின மாதிரி இருக்கற விலாசத்தையெல்லாம் படிச்சு வீடு சேத்தவ. டப்பாவ வெச்சே ரெண்டு மாசத்துல எழுத்து பிடிபட்டுடுச்சு. அவர் வெளிய போனதும் நோட்ட எடுத்துப் படிப்பேன்.

கவிதையா? அட நீங்க வேற. என்ன தின்னாரு, யார் மேல எரிச்சல், அவ்வளவுதான்.

அதுல ஒரு விதி உண்டு. உசிருள்ளதோட பேர எழுதினா தலையில ஒரு புள்ளி வெக்கணும். உசிரில்லாததுக்குப் புள்ளி கெடையாது. நாய்க்கு வெச்சிருந்தாரு. ஜன்னல்ல இருக்கற செடிக்கு வெச்சிருந்தாரு. கரப்பானுக்குக் கூட வெச்சிருந்தாரு. பொண்டாட்டிங்கற சொல்லுக்கு மட்டும் இல்ல. ஒரு எடத்துலகூட இல்ல.

மறந்திருப்பாருன்னுதான் நானும் நெனச்சேன். சாப்பாடு போடறப்ப நோட்டக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டுட்டேன். நான் படிச்சுட்டேன்னு பதறக்கூட இல்ல சார். கைய நக்கிட்டு நோட்ட வாங்கிப் பாத்தாரு. பிழையில்ல, யோசிச்சுத்தான் விட்டேன்னாரு. இன்னும் கொஞ்சம் போடுன்னு தட்ட நீட்டினாரு. போட்டேன். அதுக்கப்புறமும் ஒம்பது வருஷம் போட்டேன்.

போன வாரம் நீங்க ஃபோன் பண்ணப்ப, உடம்பு சரியில்ல, நாலு நாள் கழிச்சு வாங்கன்னேன்ல. உடம்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பதினோரு நோட்டுலயும் பொண்டாட்டின்னு வர்ற எடத்தையெல்லாம் தேடித்தேடிப் புள்ளி வெச்சுட்டிருந்தேன். பேனா மைதான், அழியாது. அச்சுல விட்டுடாதீங்க.

அவர் பேர் மேல இருக்கற புள்ளியச் சொரண்டிடலாம்னு பிளேடக்கூட எடுத்தேன். இப்ப விதிப்படி அதானே சரி. தாள் கிழிஞ்சிடும்னு விட்டுட்டேன்.