பிள்ளை பெறுகிறவளைக் கேட்டீர்களா?

அலைமோதும் இந்த அவையைக் கண்ணசைவாலேயே அமர்த்தி வைத்திருக்கும் தலைவர், ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர் அம்மா அவர்களே! ஓரத்து நாற்காலி போதும் என்று ஒதுங்கி அமர்ந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அவர்களே! தாய்மார் மன்றத்தின் தளராத தோழியரே! நரைத்த தலைகளால் இந்த மண்டபத்துக்கு நிறைவு தந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற தாய்மார்களே, பெறப்போகும் தாய்மார்களே, பெற்றும் கையில் பிள்ளை இல்லாத தாய்மார்களே! இடம் கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் அண்ணன் தம்பிகளே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்கு முன் இருவர் பேசினார்கள். இயற்கையே தாய்க்குத் தாய் என்றார் ஒருவர். மருத்துவமே மண்ணில் இறங்கிய தெய்வம் என்றார் மற்றவர். இருவருக்கும் மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். எனக்குக் கைதட்ட வேண்டாம். காதைக் கொடுத்தால் போதும்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டம் பொருத்துகிறவள். கத்திக்கு நான் பகையும் அல்ல. என் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவள்தான் என் மகள். இன்று நான் சொல்வது எதையும் கேட்பதில்லை. அதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உறுதி கூறியிருக்கிறார்கள்.

என்ன அண்ணா, பின்னால் ஏதோ சொன்னீர்களே? "அந்தக் காலத்துல வேலை செஞ்ச இடத்துலயே பெத்துட்டு எழுந்து போனாங்க" என்கிறீர்களா? போனார்கள் அண்ணா. எழுந்து போனவர்கள் ஊரெல்லாம் கதை சொன்னார்கள். எழாமல் போனவர்கள் எந்த வாயால் சொல்லுவார்கள்?

சிரிப்பு அடங்கிவிட்டது. அடங்கட்டும். இனி நான் சொல்லப்போவது என் தங்கையின் கதை.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காலையில் கண் விழித்தால் தொடங்கும் பேச்சு, தலையணையில் தலை சாயும்போதுதான் ஓயும். மின்சார அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிற வேலை. விளக்கு அணைந்ததும் ஊரே அவளை ஏசும். எவ்வளவு ஏசினாலும், "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள். அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பேருக்குக் கோபம் தணிந்துவிடும்.

அவள் கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். நல்ல மனிதர், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத் தெரியாத மனிதர். அவருடைய அம்மாவை நாங்கள் அத்தை என்போம். அத்தைக்கு மருமகள் மீது உயிர். அவள் கருவுற்ற நாளிலிருந்து கண்ணில் வைத்துக் காத்தார். ஆனால் அவருக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க வீட்டுப் பொம்பளைங்க உடம்புல கத்தி பட்டதே இல்ல" என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வார். தங்கையும் சிரித்துக்கொண்டே, "அப்படின்னா நானும் படாமலே பெத்துடறேன் அத்தை" என்பாள்.

ஒரு காலையில் வலி கண்டது. மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இந்த ஊருக்கு இருக்கிற ஒரே மகப்பேற்று மருத்துவமனை, உங்களுக்குத் தெரியாததல்ல. பேற்றறை வாசலில் எங்களை நிறுத்தினார்கள். "கூட வர்றவங்க வெளிய இருங்க." கதவைச் சாத்தினார்கள். அதன் பிறகு உள்ளே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அன்று உள்ளே கூட்டம். கட்டில் எல்லாம் நிறைந்திருந்தது. அவளுக்கு நடக்க வேண்டும் போலிருந்தது. நடந்தால் வலி தாங்க முடிந்தது. "நடக்காதம்மா, படு" என்றார் செவிலிப்பெண். படுத்தாள். கையில் ஊசி குத்தி, மேலே ஒரு மருந்துப் பையை மாட்டினார்கள்.

"இது எதுக்கு சிஸ்டர்?"

"எல்லாருக்கும் போடறதுதான். பேசாம படு."

அது வலியைக் கூட்டுகிற மருந்து. அந்த மருந்து எத்தனையோ தாய்மார்களைக் காத்திருக்கிறது, பழிக்கமாட்டேன். ஆனால் அவளுக்கு அது வேண்டியிருந்ததா? யார் பார்த்தார்கள்? கட்டில் காலியாக வேண்டும், அடுத்தவள் வர வேண்டும், அவசரம்! அலை அலையாக வந்த வலி, மூச்சு விட இடைவெளி இல்லாமல் மேலுக்கு மேல் வந்து மோதிற்று. அவள் கத்தினாள். "இப்ப கத்தறியே, அப்ப தெரியலையா?" என்று கேட்டது ஒரு குரல். தாய்மார்களே, தலையைக் குனிந்துகொள்கிறீர்களே! இந்தக் கேள்வியை உங்களில் எத்தனை பேர் காதால் கேட்டிருக்கிறீர்கள்! வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்களா?

அதன் பிறகு அவள் கத்தவில்லை. ஓயாத வாய் ஓய்ந்தது. ஆனாலும் சற்று நேரத்தில், போகிறவர் வருகிறவர் கையைப் பிடித்து ஒன்றை மட்டும் சொன்னாள். "குழந்தை அசையற மாதிரி தெரியல சிஸ்டர். என்னமோ சரியில்ல."

"முதல் பிரசவம்னா எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

எல்லோரும் சொல்வார்கள் என்றால், எல்லோரையும் அல்லவா கேட்க வேண்டும்!

அன்று பணியில் இருந்தவர் ஒரே மருத்துவர். பக்கத்து அறையில் இன்னொரு தாயின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அவளைக் காப்பாற்றிவிட்டு, வியர்வை துடைக்காமல் ஓடி வந்தார். தங்கையின் வயிற்றில் கருவி வைத்துக் கேட்டார். முகம் மாறிற்று. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், எங்களிடம் வந்தார்.

"குழந்தைக்கு நாடித் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். சம்மதம் சொல்லுங்க."

கணவர் தம் அம்மாவைப் பார்த்தார். அத்தை மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கம்மா. எங்க வீட்டுல எல்லாருக்கும் கடைசில தானா ஆயிடும். அவ நல்ல தெம்பான பொண்ணு."

"பொறுக்கிற நேரம் இல்லம்மா."

"இருங்க, பொண்ணோட அப்பாவுக்கு ஒரு போன் போட்டுடறோம்."

நான் கத்தினேன். "அவளைக் கேளுங்க! உள்ளதானே இருக்கா, அவளைக் கேளுங்க!" அந்த இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை. கணவரிடம் கேட்டார்கள், மாமியாரிடம் கேட்டார்கள், தொலைபேசியில் எங்கள் அப்பாவிடம் கேட்டார்கள். வயிறு யாருடையது? வலி யாருடையது? உள்ளே துவண்டுகொண்டிருந்த உயிரை ஒவ்வொரு நாளும் தடவித் தடவிப் பேசி வளர்த்தவள் யார்? அந்த நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் தெரியுமா? "என்னை வெட்டுங்க. வெட்டி எடுங்க. யாராவது எடுங்களேன்!"

சம்மதம் வந்தது. அறுத்தார்கள். பெண் குழந்தை. அது அழவில்லை. அழவைக்க அந்த மருத்துவர் பட்ட பாட்டை அங்கிருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசி வரையில் அது அழவே இல்லை.

காலையில் ஏற்றிய மருந்தா? கதவுக்கு வெளியே கரைந்த நேரமா? எதுவும் இல்லாமலே அப்படித்தான் ஆகியிருக்குமா? எனக்குத் தெரியாது. தெரிந்ததாகச் சொன்னால் அது பொய். எனக்குத் தெரிந்தது ஒன்றே. வேண்டாத நேரத்தில் மருத்துவம் அவள் மேல் பாய்ந்தது, அவளைக் கேட்கவில்லை. வேண்டிய நேரத்தில் இயற்கை என்று சொல்லி அதே மருத்துவத்தைத் தடுத்தோம். அப்போதும் அவளைக் கேட்கவில்லை. இங்கே இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினோமே, அன்று இரு கட்சியும் சேர்ந்துதான் அவளைத் தோற்கடித்தன!

அத்தை, குழந்தைக்கென்று தைத்த துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார். அவற்றை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. மழை வந்து நனைத்தது; வெயில் வந்து உலர்த்தியது; மறுபடி மழை வந்தது. ஒருநாள் தங்கையே எழுந்து போய் எடுத்து மடித்தாள். அத்தை அவள் காலடியில் உட்கார்ந்து, "என் பெருமையில மண்ணு விழ" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சில வாரம் கழித்து மருத்துவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆம், இதோ அமர்ந்திருக்கும் இதே மருத்துவர்தான். அம்மா, உங்களைக் குற்றக்கூண்டில் நிறுத்த நான் மேடை ஏறவில்லை. அன்று வந்தவர் நீங்கள் ஒருவர்தான். தங்கை உங்களைக் கேட்டாள்:

"என்கிட்ட ஏன் டாக்டர் கேக்கல?"

"வலியில இருக்கறவங்க என்ன முடிவு சொல்ல முடியும்னு நினைச்சேன்மா."

"நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் டாக்டர்."

அங்கிருந்து நீங்கள் மருத்துவமனை நிர்வாகத்திடம் போய்க் கேட்டீர்கள்: பேறு காண்பவள் விரும்பும் ஒருவரை அவள் பக்கத்தில் இருக்க விடுங்கள், எதைச் செய்தாலும் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று. என்ன விடை வந்தது? இடமில்லை, வழக்கமில்லை. இடமில்லையா? ஒரு துணை நிற்க ஓரடி இடமில்லையா? வழக்கமில்லையா? வாயுள்ள ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமில்லையா?

அதற்குத்தான் இந்தக் கூட்டம். நாளைக் காலை எல்லோரும் சேர்ந்து போய் அந்த நிர்வாகத்தின் முன் நிற்கப்போகிறோம். இயற்கைக் கட்சி வாருங்கள், மருத்துவக் கட்சி வாருங்கள்! கணவன்மார் கட்டாயம் வாருங்கள்; பேசத் தெரியாதவர்கள் சும்மாவாவது வந்து நில்லுங்கள்!

என் தங்கை இன்று இந்த மண்டபத்துக்கு வரவில்லை. இங்கே வர வேண்டுமானால் அந்த மருத்துவமனைத் தெருவைத் தாண்ட வேண்டும். அந்தத் தெருவில் அவளால் இன்னும் நடக்க முடியவில்லை. ஆனால் நடந்தே ஆக வேண்டும். அவள் வயிற்றில் மீண்டும் ஓர் உயிர். அதே தெரு, அதே கதவு, இந்த ஊருக்கு வேறு கதவு இல்லை.

இங்கே புறப்படும்போது அவளிடம் கேட்டேன்: "உன் கதையைச் சொல்லட்டுமா?" பதிலுக்காகக் காத்திருந்தேன். வயிற்றின் மீது கையை வைத்தபடி சொன்னாள்:

"சொல்லுக்கா. ஆனா அழ வச்சிட்டு வந்துடாத. கேக்க வச்சிட்டு வா."

கேளுங்கள். வாய்ப்பளித்த தலைவர் அம்மாவுக்கும், பொறுமையோடு செவி தந்த உங்களுக்கும், இத்தனையும் கேட்டபடி எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் மருத்துவருக்கும் என் நன்றியைச் சொல்லி, நாளைக் காலை அந்த வாசலில் சந்திப்போம் என்று வணங்கி விடைபெறுகிறேன்.